பெரியபாளையத்தில் நான் வாங்கிய பொட்டலம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கம்பி வளைந்திருக்கிறதா, தடிமன் குறைகிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். ஓய்வு பெற்றதும் அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. வீட்டில் தோசை வட்டமாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். என் மனைவி இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாவது வாரம், வெளியே எங்கேயாவது போய் யாருக்காவது நல்லது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாள். சமூக சேவைக்கு நான் வந்தது இப்படித்தான்.

எங்கள் ஊர் ரயில் நிலைய வாசலில் ஞாயிறுதோறும் மதியச் சாப்பாடு கொடுக்கிற அறக்கட்டளை ஒன்று இருந்தது. சென்னையிலிருந்து வருகிற மின்சார ரயில்களில் பாதிக்கு மேல் எங்கள் ஊரோடு நின்றுவிடும். அதனால் தூங்கிப்போனவர்கள், வழி தவறியவர்கள், போக இடமில்லாதவர்கள் எல்லோரும் கடைசியில் இங்கேதான் இறங்கியாக வேண்டும். வேலை தேடித் தொழிற்பேட்டைக்கு வந்து, வேலை போய், ஊருக்குத் திரும்ப முகமில்லாமல் தங்கிவிட்டவர்களும் உண்டு. எப்படியும் முப்பது பேர் நிலையத்தைச் சுற்றிப் படுத்துக் கிடப்பார்கள்.

அறக்கட்டளையின் தலைவர் பழைய இரும்பு வியாபாரி. நல்ல மனிதர். கேட்டாலும் கொடுப்பார், கேட்காவிட்டாலும் கொடுப்பார். கொடுக்கும்போது யாராவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 'பசியில்லா கும்மிடிப்பூண்டி' என்று பெரிய பதாகை அடித்து வைத்திருந்தார். அதில் அவர் படம் ஆளுயரத்துக்கு இருக்கும். சோற்றுப் பொட்டலத்தின் படம் எலுமிச்சம்பழ அளவுக்கு இருக்கும். நான் சேர்ந்த மூன்றே மாதத்தில் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார். பிழையில்லாமல் கடிதம் எழுதத் தெரிந்த ஆள் அங்கே வேறு யாரும் இல்லை.

செயலாளர் ஆனதும் நான் ஒழுங்கைக் கொண்டுவந்தேன். இதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். வரிசையில் நிற்க வெள்ளைக் கோடு போட்டேன். ஒவ்வொருவருக்கும் படம் ஒட்டிய 'பயனாளி அட்டை' அச்சடித்து, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன். நன்கொடையாளர் பொட்டலம் கொடுக்கும்போது வாங்குகிறவர் அவசரமாகப் பிடுங்கிக்கொண்டு போவதால் படம் சரியாக விழவில்லை என்று புகார் வந்தது. அதற்கும் ஒரு விதி எழுதினேன். படம் எடுத்து முடியும் வரை நன்கொடையாளர் பொட்டலத்திலிருந்து கையை எடுக்கக் கூடாது. தலைவர் அந்த விதியைப் படித்துவிட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வரிசையில் எப்போதும் முதலில் நிற்பவள் ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆந்திர எல்லையோரத்து ஆரம்பாக்கம் பக்கத்துக்காரி. தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்த்தவள். ஒப்பந்தக்காரர் மாறியபோது பழைய ஆட்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். அறை வாடகை கொடுக்க முடியாமல் நிலையத்துக்கு வந்துவிட்டாள். என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். நான் கொடுத்த பயனாளி அட்டையைத் தண்ணீர்ச் சொம்புக்கு மூடியாக வைத்திருந்தாள். பிளாஸ்டிக் உறை போட்டது நல்லதாகப் போயிற்று என்றும் ஒருநாள் பாராட்டினாள்.

அவளுக்கு அடுத்து ஓர் உயரமான ஆள் நிற்பான். காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல் வேலைக்குப் போய், முதுகில் அடிபட்டு வந்தவன். அதிகம் பேச மாட்டான். பொட்டலத்தை வாங்கியதும் அங்கேயே பிரித்து, முகர்ந்து, ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்ப்பான். பிடிக்கவில்லை என்றால் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவான். தலைவருக்கு அது பெரிய அவமானம். எனக்கு உள்ளுக்குள் அவன்மேல் ஒரு மரியாதை இருந்தது. ஒரு தர ஆய்வாளரை இன்னொரு தர ஆய்வாளருக்குத் தெரியாதா?

ஒருமுறை அந்தப் பெண் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறக்கட்டளை தவிர பொன்னேரியிலிருந்து ஒன்று, சென்னையிலிருந்து இரண்டு, ஏதோ ஒரு கல்லூரிப் பழைய மாணவர்கள் என்று வரிசையாக வருகிறார்கள், ஒரே மதியத்தில் ஐந்து பொட்டலம் சேர்ந்துவிடுகிறது, மிச்சம் திங்களோடு தீர்ந்துவிடுகிறது, செவ்வாய்க்கிழமை ஒருவரும் வருவதில்லை, அதனால் ஒருநாளை மாற்றிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றாள். நான் அதைக் கூட்டத்தில் எடுத்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் வேலை நாள், பொட்டலம் கொடுக்கச் சிறப்பு விருந்தினர் கிடைக்க மாட்டார்கள் என்று ஒருமனதாக முடிவானது. அதை நானே அழகான கையெழுத்தில் தீர்மானமாக எழுதி வைத்தேன்.

அந்த வருடம் ஆடி மாதம் மூன்றாவது ஞாயிறு தலைவருடைய அறுபதாவது பிறந்தநாள். நூற்றைம்பது பேருக்குச் சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு இனிப்பு. நிலைய வாசலில் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து காரில் வருகிறார். பதினொரு மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது பந்தல் இருந்தது, அண்டாக்கள் இருந்தன, வெள்ளைக் கோடு இருந்தது. கோட்டில் ஒருவரும் இல்லை.

நடைமேடை வரை போய்ப் பார்த்தேன். சுற்றுச்சுவருக்குப் பின்னால் பார்த்தேன். துணி மூட்டைகள்கூட இல்லை. டீக்கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். ஆடி ஞாயிறு. பெரியபாளையத்தம்மன் கோயிலில் கூட்டம். கூழ் ஊற்றுகிறவர்கள், பொங்கல் வைத்துக் கொடுக்கிறவர்கள், வேண்டுதலுக்குச் சாப்பாடு போடுகிறவர்கள் என்று அங்கே நாள் முழுக்கக் கிடைக்கும். நம் ஆட்கள் காலையிலேயே பஸ் பிடித்துப் போய்விட்டார்கள்.

பசியில்லா கும்மிடிப்பூண்டி என்பது எங்கள் லட்சியம். அது முழுமையாக நிறைவேறியது அந்த ஒருநாள்தான். தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சார் இது, ஒருத்தனைக் கூடக் காணோம். அதிகாரி வந்தா யாருக்குக் குடுப்பாரு? உங்களுக்கா எனக்கா?" என்றார்.

பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். பந்தல் சாமான் ஏற்றி வந்த குட்டியானை வண்டி ஒன்று நிற்கிறது. அதில் நான் பெரியபாளையம் போய் நம் ஆட்களில் இருபது பேரையாவது ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் அதிகாரியைக் காபி கொடுத்து வீட்டில் உட்கார வைத்திருப்பார். வர மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். ஒரு குண்டான் நிறையச் சாம்பார் சாதத்தை வண்டியில் ஏற்றச் சொன்னார். மூடியைத் திறந்து வாசனை காட்டினால் வந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

குண்டான் சாயாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் நான் வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் செயலாளர் அட்டை. ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் வண்டி திரும்பும்போது ஒரு வேகத்தடை வந்தது. ஓட்டுநர் அதைக் கவனிக்கவில்லை. குண்டான் எகிறி என் மடியில் விழுந்தது. சூடு ஆறியிருந்ததால் பிழைத்தேன். ஆனால் நெஞ்சிலிருந்து முழங்கால் வரை சாம்பார். செயலாளர் அட்டை பருப்புக்குள் எங்கேயோ போய்விட்டது. வழியில் ஒரு குழாயடியில் கழுவிப் பார்த்தேன். கறை பரவியதுதான் மிச்சம். வெள்ளை வேட்டி பழுப்பும் மஞ்சளுமாகப் பல வருடம் துவைக்காதது போல ஆகிவிட்டது.

பெரியபாளையத்தில் வண்டியைக் கிட்டே கொண்டுபோக முடியவில்லை. வேப்பிலைச் சேலை கட்டிக்கொண்டு வருகிறவர்கள், கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள், வளையல் கடை, பொரிகடலை மூட்டை, மேளம். ஓட்டுநர் ரோட்டோரம் நிறுத்திக்கொண்டு என்னை அனுப்பினார். நெரிசலில் யாரோ என் செருப்பை மிதித்து வார் அறுந்தது. அறுந்த செருப்போடு மற்றதையும் விட்டுவிட்டேன். வெயில் நேரம், வெறுங்கால். காலையில் ஒரு காபி குடித்ததுதான். மணி இரண்டாகப் போகிறது.

ஆற்றுக்குப் போகிற வழியில் ஒரு மதில் ஓரமாக நிழல் இருந்தது. அங்கேதான் எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் அந்தப் பெண். பக்கத்தில் அந்த உயரமான ஆள். இன்னும் ஏழெட்டுத் தெரிந்த முகங்கள். சொந்தக்காரர்களைப் பார்த்தது போல இருந்தது எனக்கு. என் கோலத்தைப் பார்த்ததும் அவள் பதறிப்போய் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"இன்னா நைனா ஆச்சு? குந்து மொதல்ல. ஊட்டுல எதுனா பேஜாரா?"

ஒன்றுமில்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். வந்த காரியத்தைச் சொன்னேன். தலைவரின் பிறந்தநாள், அறுபதாவது, அதிகாரி காத்திருக்கிறார், வண்டி நிற்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கும், இனிப்பும் உண்டு. அவள் பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் அசையவில்லை.

"வருசம் பூரா உங்க கோட்டுல வந்து நிக்கறோம் நைனா. இன்னிக்கு ஒரு நாளு சாமி பாக்க வந்துகீறோம். தலைவருக்குன்னு அம்மனாண்ட நல்லா வேண்டிக்கறேன், போய்ச் சொல்லு," என்றாள்.

உயரமான ஆள் என் வேட்டியிலிருந்த கறையைக் கூர்ந்து பார்த்தான். ஒரு விரலால் தொட்டு முகர்ந்தான். "பெருங்காயம் கம்மி," என்றான். அன்று அவன் பேசியது அவ்வளவுதான்.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். கால் எரிந்தது. நிழல் சுகமாக இருந்தது. ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று மதிலில் சாய்ந்தேன். அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். வேறொரு ஊர் அறக்கட்டளை. எல்லோரும் ஒரே நிறத்தில் ஊதாச் சட்டை. கூடையில் பொட்டலங்கள். முன்னால் வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி, கனிவான முகம். வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்று, கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. நான் இல்லை என்று சொல்லக் கை எடுப்பதற்குள் பொட்டலம் என் கையில் இருந்தது.

"நான் வாங்குறவன் இல்லீங்க. கும்மிடிப்பூண்டியில ஒரு டிரஸ்டுல செயலாளர்," என்றேன்.

அவர் தலையை ஆட்டி, "இருக்கட்டும் பெரியவரே. எல்லாருக்கும் ஒரு காலம் அப்படி இருந்துருக்கும்," என்றார்.

அந்தப் பெண் எனக்கு உதவிக்கு வந்தாள். "புச்சா வந்தவரு சார். கூச்சப்படறாரு. நீ வாங்கிக்க நைனா, ரெண்டு நாள்ல பழகிடும்," என்றாள். அவள் கிண்டல் செய்தாளா, நிஜமாகவே நான் வீட்டை விட்டு வந்துவிட்டதாக நினைத்தாளா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

நான் பொட்டலத்தை வாங்கிக் கீழே வைத்துவிடலாம் என்று இழுத்தேன். வரவில்லை. அவர் கை அதன்மேல் இருந்தது. இன்னொருவர் கைபேசியை உயர்த்தி, கொஞ்சம் இடப்பக்கம், முகம் தெரியவில்லை, பெரியவர் நிமிர்ந்து பார்க்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். படம் எடுத்து முடியும் வரை அவர் கையை விடவில்லை. என்னுடைய விதி எத்தனை ஊருக்குப் பரவியிருக்கிறது என்பது அந்த நேரத்தில்தான் தெரிந்தது. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பத்து விநாடி இருக்கலாம். ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியாத பத்து விநாடி அது. கேமராவைப் பார்த்தால் வெட்கமில்லாதவன் போலிருக்கிறது. கீழே பார்த்தால் நிமிரச் சொல்கிறார்கள். கடைசியில் கொடுத்தவரின் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் நான் தெரிந்தேன். நானே இரக்கப்படும்படிதான் இருந்தேன்.

அவர்கள் போன பிறகு பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு நிமிடம் வைத்திருந்தேன். பசி என்ன செயலாளர் பார்த்தா வரும்? பிரித்தேன். எலுமிச்சம்பழச் சாதம், நிறைய வேர்க்கடலை, ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல். முழுவதையும் சாப்பிட்டு, இலையையும் வழித்துவிட்டேன். அந்தப் பெண் தன் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். ஒருவரும் என்னை உற்றுப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். நாங்கள் கொடுக்கும்போது அவர்கள் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருப்போம்.

திரும்பும்போது வண்டியில் என்னையும் காலிக் குண்டானையும் தவிர ஒருவரும் இல்லை. பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது விழா ஒருவழியாக முடிந்திருந்தது. அதிகாரி அதற்கு மேல் காபி குடிக்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். பந்தல் போட்டவர்களில் நான்கு பேரையும், ஒலிபெருக்கிக்காரரையும், சமையல்காரரையும் சட்டையைக் கழற்றித் துண்டு போர்த்தி வரிசையில் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். சமையல்காரர் தான் சமைத்த சாதத்தையே கைநீட்டி வாங்கிக்கொண்டிருக்கும் படம் தத்ரூபமாக வந்திருந்தது.

மீதிச் சாப்பாட்டை என்ன செய்வது என்று கேட்டார்கள். வீணாக்க மனமில்லாமல் தொழிற்பேட்டை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனோம். பகல் ஷிப்ட் முடிந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் வெளியே வருகிற நேரம். வடநாட்டுப் பையன்கள்தான் அதிகம். அரை மணி நேரத்தில் அண்டா காலி. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்த மாதம் எங்கள் அறக்கட்டளை நிஜமான பசிக்குச் சோறு போட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அவர்கள் காலில் ஷூ, கழுத்தில் அடையாள அட்டை. ஏழை மாதிரி இல்லை என்று யாரும் அதைப் படம் எடுக்கவில்லை.

மறுநாள் காலை என் படம் வந்துவிட்டது. ஊதாச் சட்டைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் போட்டு, அது நாலு குழுக்கள் தாண்டி என் மனைவியின் தங்கை கைபேசிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. படத்துக்குக் கீழே, பெற்ற பிள்ளைகளாலும் கட்டிய மனைவியாலும் கைவிடப்பட்ட முதியவர், நம் கையால் ஒருவேளை உணவு பெற்றபோது, என்று எழுதியிருந்தது. கண்ணாடிக்காரர் எழுத்தாற்றல் உள்ளவர்.

மனைவி கைபேசியை என் முன்னால் வைத்தாள். கத்தவில்லை.

"நல்லது செய்யப் போங்கன்னுதான் சொன்னேன். நான் உங்கள எப்போ கைவிட்டேன்?"

நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். வேகத்தடை வரை நம்பினாள். எலுமிச்சம்பழச் சாதத்தை முழுதும் சாப்பிட்டேன் என்று சொன்ன இடத்தில் முகம் மாறிவிட்டது. வீட்டில் எலுமிச்சம்பழச் சாதம் செய்தால் பாதி வைத்துவிடுவேனாம். பெங்களூரில் இருக்கும் மகன் கூப்பிட்டு, அப்பா ஏதாவது மனக்கஷ்டமா என்று மெதுவாகக் கேட்டான். மாலையில் மைத்துனர் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். அவருக்குச் சொந்தமாக நெல் நிலம் உண்டு. பின்னால் கட்டியிருந்த அரிசி மூட்டையை அவிழ்த்துச் சமையலறையில் வைத்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

அறக்கட்டளையில் அவசரக் கூட்டம் போட்டார்கள். ஊதாச் சட்டைக்காரர்கள் என்னை ஊர் முழுக்கப் பிச்சைக்காரன் என்று காட்டிவிட்டார்கள், அவர்களைக் கண்டித்துக் கண்டிப்பாக ஒரு தீர்மானம் போடுவார்கள் என்று நினைத்துப் போனேன். தீர்மானம் போட்டார்கள். ஆனால் எனக்கு எதிராக. தலைவருக்கு நிஜமாகவே மனம் உடைந்திருந்தது.

"என் பொறந்தநாளு அன்னிக்கு, நம்ம செயலாளரு, இன்னொரு டிரஸ்டாண்ட போய் கைய நீட்டி வாங்கிகீறாரு. நம்மளாண்ட சாப்பாடு இல்லியா? கேட்டா ஒரு பொட்டலம் குடுத்துருக்க மாட்டனா?" என்றார்.

நான் விளக்கினேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். கொஞ்சம் இரக்கமும் வந்தது போலிருந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று பேச்சு வந்தது. எப்படியும் அதை நான்தான் எழுத வேண்டும். அந்த நேரம் பார்த்து ஓர் உறுப்பினர், அவர்கள் சாப்பாடு எப்படி இருந்தது என்று சாதாரணமாகக் கேட்டார். முப்பது வருடப் பழக்கம், பொய்ச் சான்றிதழ் கொடுக்க வாய் வரவில்லை. நம்முடையதை விட நன்றாக இருந்தது, வேர்க்கடலை தாராளமாகப் போட்டிருந்தார்கள் என்று சொல்லிவிட்டேன். பெருங்காயத்தைப் பற்றியும் சொன்னேன். அத்தோடு என் செயலாளர் பதவி போயிற்று.

இரண்டு வாரம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. தோசையை மட்டும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, மின் கட்டணம் சம்பந்தமாக ஒரு வேலையாகப் போய்விட்டு நிலையத்து வழியாக வந்தேன். மணி ஒன்றரை. அந்தப் பெண் சுவரோரம் சுருண்டு படுத்திருந்தாள். வெயில் முகத்தில் விழுந்தும் நகரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு செவ்வா நைனா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மறந்துவிட்ட ஒருவனுக்கு ஞாபகப்படுத்துவது போலச் சொன்னாள்.

நான் எழுதிய அந்தத் தீர்மானம், அழகான கையெழுத்தில் எழுதியது, கண் முன்னால் வந்தது. எதிரே ஒரு மெஸ் இருந்தது. கணவனும் மனைவியும் நடத்துவது, ஆறு மேசை. அவளை அங்கே கூப்பிட்டேன். வாசல் வரை வந்தவள் உள்ளே வரத் தயங்கினாள். பொட்டலம் கட்டி வாங்கிக்கொடு, நான் வெளியில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். நான் கேட்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே ஓர் இடம் இருந்தது, அங்கே உட்கார்ந்தோம். மெஸ்காரம்மா ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தார். பிறகு இரண்டு இலை போட்டார். அந்தப் பெண் முதலில் தலை நிமிராமல் சாப்பிட்டாள். ரசம் வந்தபோது மெல்ல, இன்னும் கொஞ்சம் என்றாள். ஊற்றினார்கள். எங்கள் வெள்ளைக் கோட்டில் யாரும் 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. கேட்பதற்கு அங்கே இடம் வைக்கவில்லை நான்.

அன்று மாலை மெஸ்காரம்மாவிடம் பேசினேன். செவ்வாய்க்கிழமைகளில் நிலையத்து ஆட்கள் வந்தால் மற்றவர்களைப் போல உட்கார வைத்துச் சாப்பாடு போட வேண்டும், அதற்கான செலவை நானும் அவரும் பார்த்துக்கொள்வது என்று. அவருக்கு ஒரு கவலை இருந்தது. வழக்கமாக வரும் தொழிற்சாலை ஆட்கள் முகம் சுளித்தால் வியாபாரம் போய்விடும். கை கால் முகம் கழுவிக்கொண்டு வரட்டும், பின்பக்கக் குழாயைத் திறந்துவிடுகிறேன் என்றார். அந்த நிபந்தனை நியாயமாகப் பட்டது. முதல் வாரம் நான்கு பேர்தான் வந்தார்கள். அடுத்த வாரம் ஏழு. உயரமான ஆள் மூன்றாவது வாரம் வந்தான். சாம்பாரை முகர்ந்து பார்த்தான், ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தான், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். மெஸ்காரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவனிடமிருந்து அதற்கு மேல் நற்சான்று கிடையாது.

மனைவியிடம் இதைச் சொன்னேன். மைத்துனர் கொண்டுவந்த அரிசி மூட்டை பிரிக்காமலேயே இருந்தது. இதை அங்கே கொண்டுபோய்ப் போடுங்கள் என்றாள்.

புரட்டாசி வந்தது. விஷயம் தலைவர் காதுக்கும் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவரே வந்து நின்றார். கூட யாரும் இல்லை. மெஸ் நிறைந்திருந்தது. தொழிற்சாலைச் சட்டைகள், லாரி ஓட்டுநர்கள், ரயிலில் வந்த ஒரு குடும்பம், நடுநடுவே நிலையத்து ஆட்கள். தலைவர் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஞாயிறுதோறும் பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்ட முகங்கள்தான். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. என் காதருகே குனிந்தார்.

"இதுல நம்ம ஆளுங்க யாரு சார்?"

தெரியவில்லை என்று சொன்னேன். எனக்குத் தெரியும். சொல்லத் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமையை அறக்கட்டளையே எடுத்து நடத்தலாமே, வாசலில் ஒரு சின்னப் பதாகை போதும், பெரியது வேண்டாம் என்று பேச ஆரம்பித்தார். நான் பதில் சொல்வதற்குள் மெஸ்காரம்மா, நிற்காதீர்கள் ஐயா, இடம் காலியாகிவிட்டது என்று அவரை உட்கார வைத்து இலை போட்டுவிட்டார். பக்கத்து நாற்காலியில் அந்த உயரமான ஆள். தலைவருக்கு அவனைத் தெரியவில்லை. அவனுக்கு அவரைத் தெரிந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. தலைவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தபோது அவன் அவருடைய இலையைப் பார்த்தான்.

"பொரியல் இன்னொரு தபா கேட்டு வாங்கு. இன்னிக்கு நல்லா கீது," என்றான்.

தலைவர் கேட்டு வாங்கினார். இரண்டு தடவை ரசமும் வாங்கினார். பதாகையைப் பற்றி அதற்கு மேல் அன்று பேசவில்லை. போகும்போது, சாப்பாடு பரவாயில்லை சார் என்று மட்டும் சொன்னார்.

அவர் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த ஞாயிறும் பந்தல் போட்டார்கள், படம் எடுத்தார்கள், என் வெள்ளைக் கோட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அத்திப்பட்டில் ஒரு கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்துப் போனாள். இரண்டு மாதத்தில் அதுவும் நின்று திரும்பி வந்தாள். இப்போது மறுபடியும் நிலையத்தில்தான் இருக்கிறாள், வேலைக்கு வேறு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மெஸ்ஸுக்கு வருகிறாள். சிலநாள் கூட்டம் அதிகமாக இருந்தால் மெஸ்காரம்மாவுக்கு உதவியாக மேசைகளில் தண்ணீர் வைத்துக் கொடுக்கிறாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. புதன்கிழமைக்கு என்ன செய்யலாம் என்று போன வாரம் என்னிடம் கேட்டாள்.